யார் சொல்லி, யார் எழுதியது?

1870-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஜார்ஜியா மாநிலத்தின் ஒரு விவசாயப் பகுதிக்கான தாளில், மெல்வினியா என்ற பெண்ணின் பெயர் இருக்கிறது. உடன் நான்கு பிள்ளைகள். அவர்களில் மூவருக்கு நேராக, நிறத்தைக் குறிக்கும் கட்டத்தில் 'எம்' என்று ஓர் எழுத்து. 'முலாட்டோ' என்பதன் சுருக்கம் அது. வெள்ளையரும் கறுப்பரும் கலந்த வழியில் பிறந்தவர் என்று பொருள். தந்தையின் பெயரை எழுத அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது.

அந்தப் பிள்ளைகளில் மூத்தவர் டால்ஃபஸ் ஷீல்ட்ஸ். அவருடைய கொள்ளுப்பேத்தியின் மகள்தான் மிஷெல் ஒபாமா. 2009 அக்டோபரில் 'நியூயார்க் டைம்ஸ்' இந்தக் குடும்ப வழியை வெளியிட்டது. ஆவணங்களைத் தேடித் தொகுத்தவர் வம்சாவளி ஆய்வாளர் மேகன் ஸ்மோலென்யாக். செய்தியை எழுதியவர்களுள் ஒருவரான ரேச்சல் ஸ்வார்ன்ஸ், பிறகு மேலும் தோண்டி 2012-இல் 'அமெரிக்கன் டேபஸ்ட்ரி' என்ற நூலைக் கொண்டுவந்தார். வெள்ளை மாளிகைக்குக் குடிபோன முதல் கறுப்பினக் குடும்பத்தலைவியின் பூர்வீகம் என்பதால் நாடே அதைப் பேசியது. ஆனால் ஆவணங்களோடு புழங்குகிறவர்களுக்கு அதில் இன்னொரு ருசி இருந்தது. பெயரே இல்லாத தாள், பெயர் மட்டும் உள்ள தாள், நிறம் மாறும் தாள், 'தெரியாது' என்று எழுதிய தாள் ஆகியவற்றைக் கொண்டு ஒரு குடும்பத்தை எப்படிக் கட்டி எழுப்புவது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

பூர்வீகம் தேடுகிற எவருக்கும் முதலில் வரும் ஆசை, சரியான தாள் ஒன்று அகப்பட்டுவிட வேண்டும் என்பதுதான். அகப்படுவதோ ஒன்றையொன்று மறுக்கும் தாள்கள். பத்தாண்டில் ஏழே வயது கூடிய பாட்டி, ஒருமுறை ஒரு மாநிலத்திலும் மறுமுறை வேறொரு மாநிலத்திலும் பிறந்த தாத்தா, இரண்டு எழுத்துக்கூட்டல்களில் ஒரே குடும்பப் பெயர் என்று அவை வரிசை கட்டும். எது உண்மை என்று கேட்டுக்கொண்டு பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அனுபவசாலிகள் கேட்பது வேறு: இந்த வரியைச் சொன்னவர் யார், எழுதியவர் யார், எழுதியவர் கையில் அன்று என்ன விதிமுறை இருந்தது? இவற்றுக்கு விடை தேடத் தொடங்கியதும் முரண்பாடுகள் பலவும் தாமாகவே தகவல்களாகிவிடுகின்றன. மெல்வினியாவின் குடும்பம் கண்டெடுக்கப்பட்டது அப்படித்தான்.

அமெரிக்காவில் கணக்கெடுப்பு 1790-இல் தொடங்கியது. 1840 வரை வீட்டுத் தலைவரின் பெயரை மட்டுமே எழுதினார்கள். மற்றவர்கள் வயது வாரியாக வெறும் எண்கள். 1850-இல்தான் சுதந்திர மனிதர் ஒவ்வொருவர் பெயரும் தாளில் ஏறியது. அடிமைகளுக்குத் தனித் தாள். அதில் உரிமையாளரின் பெயர் இருக்கும். அதன் கீழே அடிமைகளின் வயது, பால், நிறம் வரிசையாக இருக்கும். அவர்களுக்குப் பெயர் கிடையாது. 1860-இலும் இதே ஏற்பாடுதான். அந்த ஆண்டில் அமெரிக்காவில் சுமார் 39.5 லட்சம் அடிமைகள் இருந்தார்கள். உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைமுறை ஒழிந்து, 1870-இல் எடுத்த கணக்கில்தான் அவர்களுக்குப் பெயர் கிடைத்தது. கறுப்பின அமெரிக்கர்கள் தங்கள் பூர்வீகத் தேடலில் முட்டிக்கொண்டு நிற்கும் ஆண்டு அது. '1870 சுவர்' என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் போக வேண்டுமானால் அடிமைகளின் தாள்களை விட்டுவிட்டு உரிமையாளர்களின் தாள்களைப் புரட்ட வேண்டும். சொத்துக்குத்தான் அங்கே ஆவணம் உண்டு. தென் கரோலினாவைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன் என்ற பண்ணைக்காரர் 1850-இல் எழுதிய உயிலில், தன் சொத்துகளைப் பங்கிடும்போது ஆறு வயது அடிமைச் சிறுமி ஒருத்தியையும் பங்கிட்டார். அவளுக்குச் சிறிது காலத்தில் போடப்பட்ட மதிப்பு 475 டாலர். கணக்கெடுப்பின் அடிமைத் தாள் பதியாத 'மெல்வினியா' என்ற பெயரை உயில் பதிந்து வைத்திருந்தது. மனிதர்களை எண்ணிய அரசு அவளுக்குப் பெயர் தரவில்லை. பொருளாக எண்ணிய பண்ணைக்காரர் தந்தார். வாரிசுரிமைப் பத்திரத்தில் எந்தப் பொருள் யாருக்கு என்ற குழப்பம் வரக்கூடாதல்லவா.

பேட்டர்சன் பண்ணையில் 21 அடிமைகள் இருந்தார்கள். சிறுமி அங்கிருந்து பிரிக்கப்பட்டு, பேட்டர்சனின் மகளும் மருமகன் ஹென்றி ஷீல்ட்ஸும் இருந்த ஜார்ஜியாவின் ரெக்ஸ் அருகிலுள்ள 200 ஏக்கர் பண்ணைக்கு அனுப்பப்பட்டாள். அங்கே மொத்தமே மூன்று அடிமைகள். வீட்டோடும் வயலோடும் உரிமையாளர் குடும்பத்தின் கண்முன்னே வாழ்கிற வாழ்க்கை. ஏறக்குறைய பதினைந்து வயதில் அவளுக்கு டால்ஃபஸ் பிறந்தார்; ஆண்டு 1859 வாக்கில்.

இனி 1870 தாளுக்குத் திரும்பலாம். 'எம்' என்ற அந்த எழுத்தை எவ்வளவு நம்பலாம்? அதை எழுதியது மெல்வினியா அல்லர். வீடு வீடாகப் போன அரசு ஊழியர். 1850-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடந்த அந்தக் கணக்கெடுப்பில் ஊழியர்களுக்குப் பேருக்கு இத்தனை சென்ட் என்று கூலி. நின்று நிதானிக்க நேரமில்லை. நிறத்தைப் பெரும்பாலும் யாரையும் கேட்காமல் கண்ணால் பார்த்தே எழுதினார்கள். ஆகவே தனியாக எடுத்துக்கொண்டால் அது பலவீனமான சாட்சிதான். ஆனால் அதே தாளில் உள்ள இரண்டு செய்திகள் அதற்குத் துணை நிற்கின்றன. பிள்ளைகளில் ஒருவர் அடிமைமுறை ஒழிந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் பிறந்தவர். மெல்வினியா வேலை செய்த இடமோ ஹென்றி ஷீல்ட்ஸின் மகன் சார்லஸ் ஷீல்ட்ஸின் பண்ணைக்கு அடுத்தது. வெறும் நிறக் கட்டத்தைப் பார்ப்பவருக்கு ஓர் எழுத்து. பக்கத்து வரிகளையும் சேர்த்துப் படிப்பவருக்கு ஒரு சூழல்.

2009-இல் ஆய்வாளர்கள் அந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். தந்தை ஹென்றியாக இருக்கலாம், அவருடைய நான்கு மகன்களில் ஒருவராக இருக்கலாம், பண்ணைக்கு வந்துபோன வேறு ஒருவராகவும் இருக்கலாம் என்று எழுதினார்களே ஒழிய, யாரையும் கைகாட்டவில்லை. இந்த நிதானம் பாராட்டத்தக்கது. பின்னர் மெல்வினியாவின் சந்ததியினரும் ஷீல்ட்ஸ் குடும்பத்து வெள்ளைச் சந்ததியினரும் மரபணுச் சோதனைக்கு ஒப்புக்கொண்டார்கள். உறவு உறுதியானது. சார்லஸ் மேரியன் ஷீல்ட்ஸே தந்தையாக இருக்கக்கூடும் என்று ஸ்வார்ன்ஸ் 2012-இல் எழுதினார். சோதனைக்கும் எல்லை உண்டு. இரத்த உறவை அது காட்டும். அந்தப் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு நேர்ந்தது வன்முறையா, வற்புறுத்தலா என்பதை எந்தத் தாளும் எந்தச் சோதனையும் சொல்லப்போவதில்லை. மறுக்கும் உரிமை சட்டப்படி அவளுக்கு இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

மெல்வினியா பிற்காலத்தில் ஷீல்ட்ஸ் நிலத்தை விட்டுப் பார்ட்டோ மாவட்டத்துக்குப் போனார். அங்கே அவரோடு இருந்தவர்கள் யார் என்று பார்த்தபோது ஆய்வாளர்களுக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. மரையா, போலஸ் ஈஸ்லி என்ற தம்பதி அங்கே வாழ்ந்தார்கள். தென் கரோலினாவில் மெல்வினியா சிறுமியாக இருந்த அதே பேட்டர்சன் பண்ணையோடு தொடர்புடையவர்கள். சிறு வயதில் பிரிக்கப்பட்டவர், விடுதலைக்குப் பிறகு தன் பழைய மனிதர்களைத் தேடிப் போய்ச் சேர்ந்திருக்கிறார். டால்ஃபஸ் மணந்தது ஈஸ்லிகளின் மகள் ஆலிஸை. கடிதம் எழுதிவைக்காத, நாட்குறிப்பு விட்டுப்போகாத மக்களிடையே இப்படியொரு பிணைப்பு இருந்ததற்குச் சாட்சி, தாள்களில் அருகருகே வந்த பெயர்கள்தான்.

வேண்டிய பெயரை மட்டும் தேடி எடுத்துக்கொண்டு பக்கத்தை மூடுகிறவருக்கு இது கிடைக்காது. கணினித் தேடல் வந்தபின் இந்த ஆபத்து கூடியிருக்கிறது. தேடுபொறி ஒரு வரியைத் தூக்கிக் கையில் கொடுக்கிறது. முன்னும் பின்னும் உள்ள நாற்பது வரிகள் கண்ணில் படுவதில்லை. அமெரிக்க வம்சாவளி ஆய்வில் பெரிய பெயரான எலிசபெத் ஷோன் மில்ஸ், ஒருவரைத் தேடும்போது அவருடைய உறவினர், கூட்டாளிகள், அண்டைவீட்டார் எல்லாரையும் சேர்த்தே தேட வேண்டும் என்று பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருபவர். தாள்கள் முரண்படும்போது, 'இது அதே ஆள்தானா' என்பதற்கு வயதைவிட, பிறந்த மாநிலத்தைவிட, அக்கம்பக்கம் உறுதியான விடை தரும்.

அதே மில்ஸ், கேரி மில்ஸுடன் சேர்ந்து 1981-இல் எழுதிய ஓர் ஆய்வு இன்னொரு புகழ்பெற்ற குடும்பக் கதையை ஆட்டிவைத்தது. அலெக்ஸ் ஹேலியின் 'ரூட்ஸ்' 1976-இல் வந்து கோடிக்கணக்கானவர்களைத் தங்கள் வேர்களைத் தேட வைத்த நூல். அதில் குண்டா கிண்டே 1767-இல் 'லார்ட் லிகோனியர்' கப்பலில் அன்னபோலிஸ் வந்திறங்கி, வர்ஜீனியாவில் வாலர் குடும்பத்தின் அடிமையாகி, 'டோபி' என்று பெயர் பெறுகிறார். மில்ஸ் தம்பதி வர்ஜீனிய ஆவணங்களைப் புரட்டியபோது, டோபி 1762-லேயே வாலர்களின் கணக்கில் இருந்தார். கப்பல் வருவதற்கு ஐந்து ஆண்டு முன்னால். பாட்டிமார் சொன்ன கதையும் ஆவணமும் மோதும்போது, கதைக்குப் பொருந்தும் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அது உதாரணமாகிவிட்டது. 'ரூட்ஸ்' எழுப்பிய உணர்வுக்கு அதனால் குறைவில்லை. வம்சாவளியாக மட்டும் அது நிற்கவில்லை.

நிறக் கட்டத்துக்கு வருவோம். பத்தாண்டுக்கு ஒருமுறை ஒரே மனிதரின் நிறம் மாறுவதற்குக் காரணம் ஊழியரின் கண் மட்டுமன்று, விதிமுறையே மாறிக்கொண்டிருந்தது. 1850 முதல் கறுப்பர், முலாட்டோ என்று இரண்டு. 1890-இல் கறுப்பு இரத்தம் முக்கால் பங்கா, பாதியா, காலா, எட்டில் ஒன்றா என்று பிரித்து நான்கு வகையாக எழுதச் சொன்னார்கள். வாசலில் நின்று பார்த்து எட்டில் ஒன்றை எப்படி அளப்பது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. 1900-இல் எல்லாம் ஒன்றாகிக் 'கறுப்பர்' மட்டும். 1910-இலும் 1920-இலும் முலாட்டோ திரும்பி வந்தது. 1930-இல் மறுபடி மறைந்தது; ஒரு துளி கறுப்பு இரத்தம் இருந்தாலும் நீக்ரோ என்றே எழுது என்றது புதிய விதி. ஆகவே 1870-இல் முலாட்டோவாக இருந்தவர் 1900-இல் கறுப்பராக இருப்பது முரண்பாடே அன்று. 1900-இல் அவருக்கு வேறு கட்டம் கிடையாது.

1890 தாள்களைச் சரிபார்க்கவும் வழியில்லை. 1921 ஜனவரி 10 அன்று வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தின் நிலவறையில் பிடித்த தீயில் அவை பெருமளவு எரிந்தும் நனைந்தும் போயின. மிஞ்சியவற்றிலும் பெரும்பகுதி 1930-களில் அரசு உத்தரவின்பேரில் அழிக்கப்பட்டது. 1880-இல் கைக்குழந்தையாக இருந்தவர் அடுத்துக் கண்ணில் படுவது இருபது வயதில். அதற்குள் வீடு மாறியிருக்கும், ஊர் மாறியிருக்கும், சிலருக்குப் பெயரும் இனமும் மாறியிருக்கும்.

பெல் டா கோஸ்டா கிரீன் அப்படி மாறியவர். ஜே. பி. மார்கனின் நூலகராக 1905-இல் சேர்ந்து, 1924 முதல் 1948 வரை மார்கன் நூலகத்தின் இயக்குநராக இருந்து, நியூயார்க்கின் அரிய நூல் உலகையே ஆட்டிவைத்த பெண்மணி. மாநிறத்துக்குக் காரணம் கேட்டவர்களிடம் போர்ச்சுகீசிய வழிப் பாட்டி என்று சொல்லிவைத்திருந்தார். மார்கனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜீன் ஸ்ட்ரவுஸ் அவருடைய பிறப்புப் பதிவைத் தேடிப் பிடித்தார். 1879, வாஷிங்டன். பெயர் பெல் மேரியன் கிரீனர். இனம்: 'நிறத்தவர்'. தந்தை ரிச்சர்ட் கிரீனர், ஹார்வர்டு கல்லூரியில் 1870-இல் பட்டம் பெற்ற முதல் கறுப்பர். கறுப்பின உரிமைக்காகப் பேசியவர். பெற்றோர் பிரிந்தபின் தாயும் பிள்ளைகளும் பெயரின் கடைசி எழுத்தை உதிர்த்துவிட்டுக் 'கிரீன்' ஆனார்கள், வெள்ளையராகவே வாழ்ந்தார்கள். பெல் தன் வயதிலும் சில ஆண்டுகளைக் குறைத்துக்கொண்டார். இறப்பதற்கு முன் சொந்தக் கடிதங்களை எரித்தும் விட்டார்.

இங்கே பொய் சொன்னவர் என்று தீர்ப்பு எழுதுவது எளிது. அன்றைய நியூயார்க்கில் கறுப்பினப் பெண் ஒருவருக்கு அந்த நாற்காலி கிடைத்திருக்குமா என்று கேட்டால் அந்தத் தீர்ப்பு நிற்காது. வம்சாவளி ஆய்வாளருக்கு இதில் வேறொரு பாடமும் உண்டு. பழைய கணக்கெடுப்புகளுக்கு 1930-களில் 'சவுண்டெக்ஸ்' என்ற ஒலிக்குறி முறையில் அட்டவணை தயாரித்தார்கள். எழுத்துக்கூட்டல் பிசகினாலும் ஒலி ஒன்றாக இருந்தால் ஒரே எண்ணில் விழும் ஏற்பாடு அது. ஷீல்ட்ஸ் என்பதை எந்த உயிரெழுத்தை மாற்றி எழுதினாலும் 'எஸ் 432'தான். ஆனால் கிரீனர் 'ஜி 656', கிரீன் 'ஜி 650'. ஒரே ஒரு எழுத்தை உதிர்த்ததில் அந்தக் குடும்பம் அட்டவணையிலும் வேறு அறைக்குப் போய்விட்டது. எழுத்தரின் கைப்பிசகைப் பிடிக்கும் வலை, வேண்டுமென்றே நழுவியவரைப் பிடிக்காது.

நழுவியவர்கள் ஒருபுறம்; பிடித்து வைக்கப்பட்டவர்கள் மறுபுறம். வர்ஜீனியாவில் 1924-இல் 'இனத் தூய்மை' சட்டம் வந்தது. மாநிலப் பிறப்பு-இறப்புப் பதிவாளராக 1912 முதல் 1946 வரை இருந்த வால்டர் பிளெக்கர் என்ற மருத்துவர், வர்ஜீனியாவில் கலப்பற்ற செவ்விந்தியரே இல்லை, அப்படிச் சொல்லிக்கொள்வோர் வெள்ளையராக நழுவப் பார்க்கும் கறுப்பர் என்று முடிவு கட்டினார். 1943-இல் மாவட்டம் வாரியாகக் குடும்பப் பெயர்களைப் பட்டியலிட்டு, இந்தப் பெயர்க்காரர்கள் வந்தால் விழிப்பாயிருங்கள் என்று அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். 'இந்தியர்' என்றிருந்த சான்றிதழ்கள் 'நிறத்தவர்' ஆயின. போகஹான்டஸின் வழிவந்தோம் என்று பெருமை பேசிய மேட்டுக்குடி வெள்ளையருக்காக மட்டும் பதினாறில் ஒரு பங்கு செவ்விந்திய இரத்தத்துக்குச் சட்டம் விலக்கு அளித்திருந்தது.

பிற்காலத்தில் இந்தப் பழங்குடிகள் மத்திய அரசின் அங்கீகாரம் கேட்டபோது, தொடர்ச்சியான ஆவணம் கொடு என்றார்கள். ஆவணத்தை அழித்ததே அரசுதான். ஆறு வர்ஜீனியப் பழங்குடிகளுக்கு 2018 ஜனவரியில்தான் தனிச் சட்டத்தின் மூலம் அங்கீகாரம் கிடைத்தது. ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைத் தாள்களில் மூன்று இனம் எழுதப்பட்டிருந்தால் அதை எழுத்தர் தவறு என்று ஒதுக்கும் முன், அந்த மாநிலத்தில் அந்த ஆண்டில் எந்தச் சட்டம் நடப்பில் இருந்தது என்று பார்த்தாக வேண்டும்.

இந்தியத் துணைக்கண்டத்தாரும் இந்தக் கட்டங்களில் சிக்கினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்தின் ஹூக்ளிப் பகுதியிலிருந்து சிக்கன் வேலைப்பாட்டுத் துணிகளைச் சுமந்துகொண்டு முஸ்லிம் வியாபாரிகள் அமெரிக்கா போனார்கள். கோடையில் நியூ ஜெர்சியின் கடற்கரை ஊர்களில் விற்பனை. சிலர் நியூ ஆர்லியன்ஸின் ட்ரெமே பகுதியில் கறுப்பின, கிரியோல் பெண்களை மணந்து குடியமர்ந்தார்கள். விவேக் பால்ட் 2013-இல் வெளியிட்ட 'பெங்காலி ஹார்லெம்' நூல் இவர்களைக் கணக்கெடுப்புத் தாள், திருமணப் பதிவு, கப்பல் பட்டியல் ஆகியவற்றிலிருந்து மீட்டெடுத்தது. இவர்களை எந்தக் கட்டத்தில் போடுவது என்று ஊழியர்களுக்கே விளங்கவில்லை. ஆளுக்கொரு நிறம் எழுதினார்கள். 1920 முதல் 1940 வரை 'இந்து' என்றே ஓர் இனக் கட்டம் இருந்தது. கலிஃபோர்னியாவின் சீக்கிய விவசாயியும் நியூ ஆர்லியன்ஸின் முஸ்லிம் வியாபாரியும் அதில் 'இந்து' ஆனார்கள். வங்காளத்தில் தன் பாட்டனைத் தேடும் பேரன், அமெரிக்கத் தாளில் மதத்தைப் பார்த்துவிட்டு இவர் நம்மவர் இல்லை என்று ஒதுக்கினால் அவ்வளவுதான்.

வயதில் வரும் முரண்பாடு இவ்வளவு கசப்பானதன்று. சில இடங்களில் சிரிப்பே வரும். அயர்லாந்தில் 1901, 1911 ஆகிய இரு கணக்கெடுப்புகளின் தாள்கள் முழுமையாக இருக்கின்றன. இரண்டையும் ஒப்பிட்டால், பத்தாண்டில் பதினைந்து வயதுக்கும் மேல் மூப்படைந்த கிழவர் கிழவிகள் ஊர் ஊராக அகப்படுகிறார்கள். நடுவே நடந்தது 1908-ஆம் ஆண்டு முதியோர் ஓய்வூதியச் சட்டம். எழுபது வயதானவருக்கு வாரம் 5 ஷில்லிங், 1909 ஜனவரி முதல். அங்கே பிறப்புப் பதிவு எல்லாருக்கும் கட்டாயமானது 1864-இல்தான். எழுபது வயதுக்காரர் எவரிடமும் சான்றிதழ் இருக்க வழியில்லை. 1839 ஜனவரி 6 இரவு அடித்த பெரும்புயல் நினைவிருக்கிறதா என்று அதிகாரிகள் கேட்டார்கள். நினைவில்லை என்று யார் சொல்வார்?

ஆனால் அந்த முதியவர்கள் எல்லாரும் ஏமாற்றினார்கள் என்று சொல்லிவிட முடியாது. 1901-இல் வயதைத் துல்லியமாகச் சொல்ல யாருக்கும் அவசியம் இருக்கவில்லை; நாற்பது, ஐம்பது, அறுபது என்று முழு எண்ணாகச் சொல்லிவிட்டார்கள். பணம் வந்தபிறகுதான் எண்ணிப் பார்த்தார்கள். வயதை நிரூபிக்க 1841, 1851 தாள்களைப் பார்த்துச் சொல்லும்படி விண்ணப்பித்தவர்களும் ஏராளம். பின்னர் 1922 ஜூன் 30 அன்று டப்ளினில் உள்நாட்டுப் போரின்போது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்ததில் அந்தப் பழைய தாள்கள் பெரும்பாலும் சாம்பலாயின. ஓய்வூதிய விண்ணப்பத்துக்காக அன்று எடுத்த குறிப்புகள் பிழைத்திருக்கின்றன. பல குடும்பங்களுக்கு இன்று 1841-இன் ஒரே மிச்சம் அதுதான். அமெரிக்காவில் மேற்சொன்ன ஒலிக்குறி அட்டவணை பிறந்ததும் 1935-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தால்தான். அங்கும் கேள்வி, உன் வயதுக்கு என்ன ஆதாரம் என்பதே.

ஒரே ஆண்டில் ஒரே வீட்டை இரண்டு முறை எண்ணினால் என்ன ஆகும்? அந்தச் சோதனையும் நடந்திருக்கிறது. 1870-இல் நியூயார்க், ஃபிலடெல்ஃபியா நகரத்தார் தங்களைக் குறைத்து எண்ணிவிட்டதாகக் கூச்சலிட, சில மாத இடைவெளியில் அங்கெல்லாம் மறுபடி கணக்கெடுத்தார்கள். இரண்டு தாள்களும் இருக்கின்றன. ஒரே குடும்பத்துக்கு வயது வேறு, எழுத்துக்கூட்டல் வேறு, பிறந்த இடம் வேறு. முதல் முறை கதவைத் திறந்தது மனைவியாக இருக்கலாம், அடுத்த முறை பக்கத்து அறையில் குடியிருந்தவராக இருக்கலாம். சில மாதத்தில் இத்தனை வேறுபாடு வருமென்றால், பத்தாண்டு இடைவெளியில் இரண்டு மூன்று வயது பிசகுவதைப் பொருட்படுத்தவே வேண்டியதில்லை. கணக்கெடுப்பு நாளும் மாறிக்கொண்டிருந்தது: 1900-இல் ஜூன் 1, 1910-இல் ஏப்ரல் 15, 1920-இல் ஜனவரி 1. பிப்ரவரியில் பிறந்தவருக்கு இந்தக் கணக்கில் ஒரு வயது காணாமல் போவது இயல்பு.

தமிழ் வாசகர் இதைப் படித்துவிட்டு 1881-இன் தன் ஊர்த் தாளைத் தேடிக் கிளம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். இந்தியாவில் வீடு வாரியான படிவங்களைத் தொகுத்து முடித்ததும் கழித்துவிட்டார்கள். சாதி, மதம், தொழில் வாரியான கூட்டுத்தொகைகள் தடித்தடியான தொகுதிகளாக மிஞ்சின, பெயர்கள் மிஞ்சவில்லை. 1948-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவோ, தனிநபர் பதிவுகளை யாரும் பார்வையிட முடியாது, சான்றாகவும் காட்ட முடியாது என்கிறது. நம் பக்கத்தில் பெயரோடு எண்ணப்பட்டவர்களில் ஒரு பெருங்கூட்டம் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களே. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்தது முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடல் அடையாளம் என்று பதிவு உண்டு. அங்கேயும் எழுத்தர் காதில் விழுந்ததுதான் ஊர்ப்பெயர், மதிப்பிட்டதுதான் வயது. தஞ்சாவூர்க் கிராமம் ஒன்றைத் தேடும் தென்னாப்பிரிக்கத் தமிழர், அந்தப் பெயரை உரக்கப் படித்துப் பார்த்தால் விடை கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

மெல்வினியா 1938-இல் தொண்ணூறு வயதைத் தாண்டி இறந்தார். இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயருக்கான இடத்தில், தகவல் கொடுத்த உறவினர் 'தெரியாது' என்று எழுதினார். சேகரித்த எல்லாத் தாள்களிலும் நேர்மையான பதில் அதுவாகத்தான் இருக்கும். சிறு வயதில் பிரிக்கப்பட்டவருக்கே எவ்வளவு நினைவிருந்ததோ. டால்ஃபஸ் பர்மிங்ஹாமில் தச்சராகி, 1900 வாக்கில் சொந்த வீடு வாங்கி, தேவாலயங்கள் தொடங்கி, 91 வயதில் 1950-இல் காலமானார். 2012 ஜூனில் ரெக்ஸில் மெல்வினியாவுக்கு நினைவுக்கல் திறந்தபோது கறுப்பு, வெள்ளை ஆகிய இரு கிளையினரும் வந்திருந்தார்கள்.

யார் சொன்ன தகவல் என்பதைத் தாளிலேயே காட்டும் வழக்கம் அமெரிக்கக் கணக்கெடுப்பில் 1940-இல்தான் வந்தது. தகவல் தந்தவரின் பெயருக்கு அருகே வட்டத்துக்குள் பெருக்கல் குறி போட வேண்டும் என்று ஊழியர்களுக்கு உத்தரவு. அந்தத் தாள்களைப் படிப்பவர் வயதைப் பார்க்கும் முன் அந்தக் குறியைப் பார்ப்பது நல்லது. 72 ஆண்டு விதிப்படி 1950 தாள்கள் 2022 ஏப்ரல் 1 அன்று திறக்கப்பட்டன. அடுத்தது 1960, அது 2032 ஏப்ரலில் வரும். தபாலில் வந்த படிவத்தைப் பெரும்பாலான வீடுகளில் வீட்டாரே நிரப்பி, தம் இனத்தையும் தாமே எழுதிய முதல் கணக்கெடுப்பு அது.